முன்பாய்க்கு ஃபர்லர் பொருத்துவது: அளவெடுப்பதிலிருந்து முதல் சுருட்டல் வரை

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மலாக்கா நீரிணையில் பின்னிரவிலோ விடிகாலையிலோ மேற்கே கரிய மேகச் சுவர் ஒன்று எழும்பும். சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வருவதால் அதற்குப் பெயரே ‘சுமத்ரா’தான். எட்டுப் பத்து நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) காற்றில் சோம்பலாகப் போய்க்கொண்டிருந்த படகை அது சில நிமிடங்களில் 40 நாட் காற்றுக்குள் தள்ளிவிடும். பாய்மரத்திலிருந்து படகின் முன்முனைக்கு இறங்கும் முன்கம்பியில் கொக்கிகளால் மாட்டிய பழைய முறைப் பாய் என்றால், ஒருவர் அணியத்துக்கு, அதாவது அந்த முன்முனைக்கு, போய் முட்டி போட்டு, அலை மேலே அடிக்க அடிக்க அதை இழுத்து இறக்க வேண்டும். ஃபர்லர் இருந்தால், படகை ஓட்டுபவர் அமரும் காக்பிட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கயிற்றை இழுத்து, முன்பாயை அதன் கம்பியைச் சுற்றியே சுருட்டிவிடலாம்.

அந்த ஒரு கயிற்றை நம்பித்தான் கடலுக்குப் போகிறோம். அது எந்த இடத்தில் கைவிடும் என்று எனக்குத் தெரியவந்தது ஒரு கெட்ட காலைப்பொழுதில். லங்காவியில் நான் பழையதாக வாங்கிய 30 அடிப் படகில் ஏற்கெனவே ஒரு ஃபர்லர் இருந்தது. பினாங்கிலிருந்து திரும்பும்போது, பாயார் தீவுக்குப் பக்கத்தில் மேகம் எழும்பியது. கயிற்றை இழுத்தேன், மூன்று சுற்று வந்தது, நின்றுவிட்டது. கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் போட்டு இழுத்தேன். இன்னும் அரைச் சுற்று வந்தது. அப்புறம்தான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்: பாயை மேலே ஏற்றும் கயிறு பாய்மர உச்சியில் முன்கம்பியைச் சுற்றி இறுகிக் கிடந்தது. பாயின் பின்மூலையை இழுக்கும் கயிறான தாமானைத் தளர்த்திவிட்டு, மோட்டாரைப் போட்டுப் படகையே வட்டமாக ஓட்டி, படபடக்கும் பாயைக் கம்பியைச் சுற்றி ஏடாகூடமாகச் சுற்றவைத்துத்தான் தப்பினோம். கரையில் மரத்தில் ஏறிப் பார்த்தால், கம்பியின் 19 இழைகளில் மூன்று உச்சியில் அறுந்திருந்தன. இன்னும் கொஞ்சம் வின்ச்சைச் சுற்றியிருந்தால் மரமே போயிருக்கும்.

பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை நானே பொருத்தினேன். பிறகு நண்பர்களின் படகுகள் சிலவற்றிலும் செய்திருக்கிறேன். கடை கையேட்டில் திருகு எங்கே, ரிவெட் எங்கே என்பதெல்லாம் இருக்கும். அதை அப்படியே பின்பற்றுங்கள். கையேட்டில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும் விஷயங்களைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

பெயர்கள்

பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். இப்போது எல்லோரும் ஹாலியார்ட் என்கிறார்கள். பாயின் கீழ்ப் பின்மூலையை இழுத்துக் கட்டுப்படுத்தும் கயிறு தாமான், அதாவது ஷீட். தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்த காலத்துச் சொற்கள் இவை. கையில் நல்ல சொல் இருக்கும்போது அதை விட எனக்கு மனமில்லை. ஃபர்லரின் பாகங்களுக்கு அப்படி இல்லை, கடைச் சொற்கள்தான்.

கீழே, அணியத்தில் ஒரு டிரம். அதில் சுருட்டுக் கயிறு சுற்றியிருக்கும். டிரம்மிலிருந்து மேலே, முன்கம்பியை உறைபோல மூடிக்கொண்டு, அலுமினியத்தால் ஆன ஃபாயில். அது சுமார் 2 மீட்டர் துண்டுகளாக வரும், நீளவாக்கில் காடி இருக்கும், பாயின் முன்விளிம்பு அந்தக் காடியில் ஏறும். ஃபாயிலின் மேல் ஏறி இறங்கும் உருளை ஒன்று உண்டு, அது ஸ்விவல். அதன் கீழ்ப்பாதியில் பாயின் தலை, மேல்பாதியில் ஆஞ்சான். சுருட்டும்போது கீழ்ப்பாதி பாயோடு சுழல வேண்டும். மேல்பாதி அசையாமல் நிற்க வேண்டும். மேல்பாதியும் சேர்ந்து சுழன்றால் என்ன ஆகும் என்பதைத்தான் பாயார் தீவருகே பார்த்தேன்.

எதை வாங்குவது

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த வைக்கம்-மார்ட்டின் வகைச் சுருட்டிகளில் ஃபாயில் கிடையாது. பாயை முழுக்க விரிக்கலாம் அல்லது முழுக்கச் சுருட்டலாம். பாதியில் நிறுத்திக் காற்றுக்கேற்பக் குறைத்துக்கொள்ள முடியாது. இன்று நாம் வாங்குவது, பாதியில் நிறுத்திக் குறைக்கும் அந்த வேலையையும் செய்யும் ஃபாயில் வகை. ஹார்கன், ஃபர்லெக்ஸ், புரோஃபர்ல், ஷேஃபர் எல்லாமே நன்றாக உழைப்பவை. ஃபர்லெக்ஸ் பெட்டியில் புது முன்கம்பியும் சேர்ந்தே வரும். சிறு படகுகளுக்கென்று சிடிஐ செய்வதில் ஃபாயில் வளையும் பிவிசி. ஆஞ்சான் அதற்குள்ளேயே ஓடுவதால் கம்பியைச் சுற்றிக்கொள்ள வழியே இல்லை.

படகின் நீளத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கம்பியின் தடிமன், முனைகளை மாட்டும் ஆணியான கிளெவிஸ் பின்னின் விட்டம், கம்பியின் முழு நீளம் மூன்றும் வேண்டும். கம்பி பத்து ஆண்டு பழையது என்றாலோ, எப்போது போட்டது என்றே தெரியாது என்றாலோ, யோசிக்காமல் புதுக் கம்பி போடுங்கள். ஃபாயில் மூடிய பிறகு கம்பியை யாராலும் பார்க்க முடியாது. நம் பக்கத்து வெப்பத்திலும் உப்பிலும் துருவேறாத எஃகும் முனைகளில் மெல்ல வெடிக்கத்தான் செய்யும்.

அளவெடுத்தல்

பழைய கம்பியை இறக்கித் தரையில் நீட்டி, ஒரு பின்னின் மையத்திலிருந்து மறு பின்னின் மையம் வரை அளப்பதுதான் நம்பகமானது. கணக்கு ஒரு சரிபார்ப்புக்கு உதவும்: மரத்தின் அடியிலிருந்து கம்பி மாட்டும் இடம் வரை 12 மீட்டர், அங்கிருந்து அணியம் வரை தளத்தில் 3.5 மீட்டர் என்றால் கம்பி 12.5 மீட்டர் வர வேண்டும். உங்கள் அளவு இதிலிருந்து அரை மீட்டர் விலகினால் எங்கோ தப்பு.

கம்பியைக் கழற்றும் முன் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மரத்துக்குப் பின்னால் ஏறும் பெரும்பாயின் ஆஞ்சானில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அது மரத்தின் அடியிலிருந்து எவ்வளவு பின்தள்ளி நிற்கிறது என்று அளவெடுங்கள். மரத்தின் சாய்வு அது. மரத்தைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் பின்கம்பியின் டர்ன்பக்கிளில் (இறுக்கும் திருகில்) எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதுங்கள். எல்லாம் முடிந்த பின் இந்த இரண்டும் பழையபடி வந்தால்தான் சுக்கான் முன்போலவே கைக்கு அடங்கும்.

அணியத்தில் நங்கூரம் டிரம்மில் இடிக்குமா என்று இப்போதே பாருங்கள். இடித்தால் டிரம்மை உயர்த்தப் பட்டைத் தகடுகள் கிடைக்கும். உயர்த்தும் ஒவ்வொரு செ.மீ.யும் பாயின் நீளத்தில் குறையும், அதனால் தையல்காரரிடம் போகும் முன் இந்த முடிவு தெரிந்திருக்க வேண்டும். கம்பியின் மேலும் கீழும் டாகிள் இருக்கிறதா என்பதும் முக்கியம். டாகிள் என்பது இரண்டு திசையிலும் வளைந்துகொடுக்கும் ஒரு சிறு மூட்டு. பாய் காற்றில் பக்கவாட்டில் இழுக்கும்போது கம்பி வளையும். மூட்டு இல்லையென்றால் அந்த வளைவு முழுவதும் கம்பி முனையில் விழுந்து, நாளடைவில் முறியும்.

பாய்

கொக்கிப் பாயை மாற்றித் தைத்தால் போதும், புதுப்பாய் கட்டாயமில்லை. துணி இன்னும் விறைப்பாக இருந்தால் அந்தச் செலவு வீண்போகாது. கொக்கிகளை எடுத்துவிட்டு, ஃபாயிலின் காடிக்கேற்ற 5 அல்லது 6 மி.மீ. நாடா தைக்க வேண்டும். எது என்பது ஃபர்லர் கையேட்டில் இருக்கும். ஸ்விவலும் டிரம்மும் இடம் பிடிப்பதால் முன்விளிம்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும்.

இரண்டு கூடுதல் வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, முன்விளிம்பின் நடுப்பகுதியில் நுரைப் பட்டை. பாயின் வயிறு நடுவில் இருக்கிறது. பாதி சுருட்டும்போது அந்த வயிறு அப்படியே பையாக நிற்கும், பலத்த காற்றில் படகு சாயுமே தவிர முன்னே போகாது. நுரைப் பட்டை நடுவில் சுருளைத் தடிமனாக்கி அந்தத் தொய்வை உள்ளே இழுத்துக்கொள்ளும். மற்றொன்று, பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வெயில் தாங்கும் அக்ரிலிக் துணி. சுருட்டி வைத்திருக்கும்போது வெளியே தெரிவது அது மட்டும்தான். நம் வெயிலில் துணி இற்றுப்போகும் முன் தையல் நூல் இற்றுப்போகும். சாதாரண பாலியெஸ்டர் நூலுக்குப் பதிலாக டெனாரா போன்ற நூலால் தைக்கச் சொல்லுங்கள். விலை உறைக்கும், ஆனாலும் இரண்டாம் முறை தைக்கும் கூலியைவிடக் குறைவு. அந்தத் துணி பாயின் எந்தப் பக்கம் தைக்கப்பட்டது என்பதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், கயிறு சுற்றும்போது தேவைப்படும்.

கம்பியைக் கழற்றும் நாள்

முன்கம்பிதான் மரம் பின்னால் விழாமல் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றப்போகிறோம் என்பதை ஒரு கணமும் மறக்கக் கூடாது. படகுத்துறையில் கிரேன் இருந்தால், மரத்தை இறக்கித் தரையில் வைத்துச் செய்யுங்கள். நான் யாருக்கும் முதலில் சொல்வது அதுதான். முன்பக்கம் ஒரே ஒரு ஆஞ்சான் மட்டும் உள்ள படகு என்றால், மரம் நின்றபடி இந்த வேலையை முயலவே வேண்டாம்.

மரம் நிற்கும்போதே செய்வதானால் காற்றில்லாத காலையும், பக்கத்தில் கப்பல் அலை எழாத இடமும் வேண்டும். ஸ்பின்னக்கர் என்ற பலூன் பாயின் ஆஞ்சானை அணியத்தின் இரும்புப் பிடியில் ஷாக்கிளால் (U வடிவ மாட்டியால்) மாட்டி வின்ச்சில் இறுக்குங்கள். முன்கைப்பிடிக் குழாயில் மாட்டக் கூடாது, அது தாங்காது. முன்பாயின் ஆஞ்சான் கம்பியை இறக்க, ஏற்றத் தேவைப்படும். பின்கம்பியைத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றாதீர்கள். மரத்தில் ஏறுபவர் பெரும்பாயின் ஆஞ்சானில் நாற்காலியையும், பெரும்பாயின் அடிக்கம்பைத் தூக்கிப் பிடிக்க உச்சி வழியாக ஓடும் கயிறான டாப்பிங் லிஃப்டில் தனியாகப் பாதுகாப்புப் பட்டையையும் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டிலும் போலைன் என்ற, இறுகிவிடாத வளைய முடிச்சு. திறந்துகொள்ளும் ஸ்னாப் ஷாக்கிளை நம்பி யாரும் மேலே போகக் கூடாது. கீழே நிற்பவர்கள் மரத்தடியை விட்டு விலகி நிற்கட்டும், மேலிருந்து விழும் ஒரு ஸ்பானர் போதும்.

பழைய கம்பியின் மேல்முனைக்குக் கீழே கயிற்று வளையம் ஒன்றைக் கட்டி, முன்பாய் ஆஞ்சானில் மாட்டி அதன் பாரத்தை எடுத்த பிறகே பின்னைத் தட்டி எடுக்க வேண்டும்.

ஃபாயிலைக் கோப்பது

இதற்கு நேரான நீண்ட இடம் வேண்டும். படகுத்துறையின் நடைமேடை சரியாக இருக்கும். கீழே பழைய பாய்த்துணியை விரித்துக்கொள்ளுங்கள், அலுமினியத்தில் கீறல் விழாது, சிறு திருகுகள் பலகை இடுக்கில் கடலுக்குள் போகாது.

பெரும்பாலான வகைகளில் மேல்துண்டைத்தான் அளவு பார்த்து வெட்ட வேண்டியிருக்கும். ஃபாயில் மிக நீளமாக இருந்தால் கம்பியின் மேல்முனையில் இடித்து நசுங்கும். குட்டையாக இருந்தால் ஸ்விவல் ஃபாயிலின் நுனிக்கு மேல் ஏறிச் சிக்கிக்கொள்ளும். கையேடு சொல்லும் இடைவெளியை மி.மீ. கணக்கில் கடைப்பிடியுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் நன்றாக வழுவழுப்பாக்குங்கள். அங்கே விட்ட ஒரு முள் பாயின் நாடாவை ஒவ்வொரு முறையும் கிழிக்கும்.

துண்டுகளை இணைப்பது சலிப்பான வேலை, ஆனால் கஷ்டமில்லை. கம்பிக்கும் ஃபாயிலுக்கும் நடுவே வரும் பிளாஸ்டிக் புஷ்களை விட்டுவிடாதீர்கள். உலோகம் உலோகத்தில் உரசக் கூடாது. எஃகுத் திருகு அலுமினியத்துக்குள் போகும் இடமெல்லாம் டெஃப்ஜெல் அல்லது டூராலாக் என்ற அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவுங்கள், இல்லையென்றால் உப்புநீரில் எஃகைத் தொடும் அலுமினியம் அரித்துப்போய், ஐந்தாண்டு கழித்துத் திருகை எடுக்கவே முடியாது. கையேடு லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) போடச் சொல்லும் திருகுகளுக்கு அதைத்தான் போட வேண்டும்.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு இரண்டு. கீழ்ப்பகுதியை மூடிவிட்ட பிறகுதான் ஸ்விவலைக் கோக்கவில்லை என்று ஞாபகம் வரும். அல்லது ஸ்விவல் தலைகீழாகக் கோத்திருப்பது பாய் ஏற்றும்போதுதான் தெரியும். மூடுவதற்கு முன் இன்னொருவரைக் கூப்பிட்டு, ஆஞ்சான் மாட்டும் பக்கம் மேலே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்கி நிறுத்துவது

கோத்து முடித்த 12 மீட்டர் ஃபாயில் தன் பாரத்திலேயே வளையும். நடுவில் தாங்காமல் தூக்கினால் மடிந்துவிடும், மடிந்த துண்டை நிமிர்த்த முடியாது. தூக்கும் ஆஞ்சானைக் கம்பியின் மேல்முனையில் கட்டுங்கள், ஃபாயிலில் கட்டாதீர்கள். ஆஞ்சானையே ஃபாயிலைச் சுற்றித் தளர்வாக இரண்டு மூன்று இடத்தில் கட்டிவைத்தால் தொய்வு குறையும். ஒவ்வொன்றும் மேலே போனதும் மரத்தில் இருப்பவர் அவிழ்த்துவிடலாம். வின்ச்சில் ஒருவர், நடுவில் ஃபாயிலைப் பிடித்தபடி ஒருவர், டிரம்மை ஏந்திக்கொண்டு ஒருவர், மேலே ஒருவர். மூன்று பேர் போதும் என்று ஆரம்பித்து நடுவில் வழிப்போக்கரைக் கூப்பிட்ட அனுபவம் உண்டு. நான்கு பேராகவே தொடங்குங்கள்.

மேலே கிளெவிஸ் பின்னைப் போட்டு, அது கழலாமல் தடுக்கும் கோட்டர் பின்னை விரித்து, நாடா சுற்றிய பிறகே கீழே மாட்ட வேண்டும். கீழே மாட்டியதும் பின்கம்பியைப் பழைய மரை எண்ணிக்கைக்கு இறுக்கி, கனத்தைத் தொங்கவிட்டு மரத்தின் சாய்வைச் சரிபாருங்கள். ஃபாயிலைக் கையால் சுழற்றுங்கள். இரண்டு விரலால் சுற்ற வேண்டும், எங்கும் உரசும் ஓசை வரக் கூடாது.

உச்சியில் அந்தக் கோணம்

மரத்தில் இருப்பவரை இன்னும் இறக்காதீர்கள். மற்ற எல்லா வேலையும் சரியாக இருந்தும் ஃபர்லர் சிக்குகிறது என்றால், பத்தில் ஒன்பது தடவை காரணம் இங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம்.

ஆஞ்சான் மர உச்சியின் கப்பியிலிருந்து இறங்கி ஸ்விவலுக்கு வருகிறது. அது முன்கம்பிக்கு இணையாகவே இறங்கினால், ஸ்விவலின் மேல்பாதியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை; அதற்குள் இருக்கும் பேரிங் குண்டுகளில் கொஞ்சம் உப்பு சேர்ந்தாலே மேல்பாதி கீழ்ப்பாதியோடு சேர்ந்து சுழலத் தொடங்கும், ஆஞ்சான் கம்பியில் சுற்றிக்கொள்ளும். ஆஞ்சான் பின்னோக்கி, மரத்தின் பக்கமாகச் சாய்ந்து இழுத்தால் அந்தச் சாய்வே ஸ்விவலின் மேல்பாதியை ஒரே நிலையில் பிடித்து வைக்கும். தேவையான கோணம் 8 முதல் 10 பாகை. கோணமானி எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டாம்: 30 செ.மீ. கயிற்றுக்கு, அது கம்பியிலிருந்து 4 முதல் 5 செ.மீ. கூடுதலாக விலகினால் சரி.

சில மரங்களில் கப்பி இருக்கும் இடத்தாலேயே இந்தக் கோணம் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், கப்பிக்குக் கீழே மரத்தின் முன்முகத்தில் ரெஸ்ட்ரெயினர் என்ற சிறு வளையத்தைத் திருகி, ஆஞ்சானை அதற்குள் விட்டுக் கொண்டுவர வேண்டும். அது கயிற்றைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். வளையத்தை அளவுக்கு மீறிக் கீழே வைத்தால் கயிறு கூர்மையாக மடங்கி உரசும், பாய் ஏற்றுவதும் கடினமாகும். புரோஃபர்ல் போன்ற சிலவற்றில் சுற்றுத் தடுப்பு உச்சியிலேயே தனிப் பாகமாக வரும், அதற்கு அதன் கையேடு சொல்வதுதான்.

கோணம் சரியாக இருந்தும் போதாது. ஸ்விவல் ஃபாயிலின் உச்சிக்கு அருகில் வரை ஏறியிருக்க வேண்டும். பாய் குட்டையாக இருந்து ஸ்விவல் அரை மீட்டர் கீழேயே நின்றுவிட்டால், அந்த அரை மீட்டரில் ஆஞ்சான் கம்பியை ஒட்டியே ஓடும், உங்கள் வளையத்தால் பயனில்லை. என் படகில் முன்பு பொருத்தியவர் செய்தது இதைத்தான்: பழைய பாய், குறைந்த நீளம், நடுவில் எதுவும் சேர்க்கவில்லை.

இதற்குத் தீர்வு எளிது. பாயை முழு இறுக்கத்தில் ஏற்றி, ஸ்விவல் நிற்கும் இடத்துக்கும் அது நிற்க வேண்டிய இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து, அந்த நீளத்துக்கு டைனீமா என்ற நீளாத கயிறோ எஃகுக் கம்பியோ பாயின் தலையில் நிரந்தரமாகத் தைத்துவிடுங்கள். ஷாக்கிள் போட்டு மாட்டி எடுக்கும்படி வைத்தால் என்றாவது ஒரு நாள் மறந்துபோகும். இரண்டு முன்பாய் வைத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் அதனதன் நீளம். எந்தப் பாய் ஏறினாலும் ஸ்விவல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

படகுத்துறையில் பக்கவாட்டில் தள்ளி நின்று, கைப்பேசியில் உச்சியைப் பெரிதாக்கி ஒரு படம் எடுங்கள். கம்பியும் ஆஞ்சானும் படத்தில் இரண்டு கோடாகத் தெரிய வேண்டும். ஒரே கோடாகத் தெரிந்தால் மறுபடி மேலே ஏறுங்கள்.

சுருட்டுக் கயிறு

முதல் கேள்வி, எந்தத் திசையில் சுற்றுவது. வெயில்துணி வெளியே வரும்படி பாய் சுருள வேண்டும். அணியத்தைப் பார்த்து நின்றால், துணி பாயின் வலப்பக்கத்தில் தைத்திருந்தால் கயிறு டிரம்மின் இடப்பக்கத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். இடப்பக்கத்தில் தைத்திருந்தால் வலப்பக்கத்திலிருந்து. சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டுத் துணியை ஃபாயிலின் பின்பக்கத்தில் ஒட்டிவைத்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள், எந்த முகம் வெளியே வருகிறது என்று உடனே தெரியும்.

டிரம்மை விட்டு வெளிவரும் கயிறு முதல் கப்பிக்கு, ஃபாயிலுக்குச் செங்கோணத்தில், டிரம்மின் உயரத்தில் பாதியளவில் போக வேண்டும். மேலாகவோ கீழாகவோ போனால் கயிறு டிரம்மின் ஒரு ஓரத்திலேயே குவிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சிக்கும். அங்கிருந்து கைப்பிடிக் கம்பங்களின் வெளிப்பக்கமாகச் சிறு கப்பிகள் வழியே காக்பிட் வரை கொண்டுவாருங்கள், தளத்தில் நடப்பவர் காலில் மாட்டாது. கடைசிக் கப்பி ஒரு பக்கம் மட்டும் சுழலும் ராட்செட் வகையாக இருந்தால் கைக்குப் பெரிய உதவி.

எத்தனை சுற்று? பாய் விரிந்திருக்கும்போது டிரம் நிறைந்திருக்கும், சுருண்டபின் கிட்டத்தட்டக் காலியாகும். கிட்டத்தட்ட என்பதைக் கவனியுங்கள். மரத்தைத் தாண்டிப் பின்னே நீளும் என் பெரிய முன்பாய்க்கு (135 விழுக்காடு ஜெனோவா) சாதாரணக் காற்றில் 22 சுற்று போதும். பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளும், அதனால் கூடுதல் சுற்று பிடிக்கும். சுருண்ட பாயின் மேல் தாமானையும் மூன்று சுற்று சுற்ற வேண்டும். மொத்தம் 30 சுற்று ஏற்றிவைத்திருக்கிறேன். காற்றடிக்கும்போது டிரம் காலியாகி, பாயின் ஒரு முக்கோணம் மட்டும் சுருளாமல் நின்றால் அதைவிட அவஸ்தை இல்லை. பாய் இல்லாத ஃபாயிலை, பாய் விரியும் திசையில் கையால் சுற்றினால் கயிறு டிரம்மில் ஏறும். சுற்றும்போது கயிற்றை லேசாக இழுத்துப் பிடித்திருங்கள்.

கயிறு 30 அடிப் படகுக்கு 8 மி.மீ., நீளம் படகைப் போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூடுதல். டிரம்மில் இடம் போதவில்லை என்றால், 10 மி.மீ. கயிறு வாங்கி, டிரம்மில் சுற்றும் பகுதியில் மட்டும் உள்ளிழையை உருவிவிடுங்கள். டிரம்மில் தட்டையாக அடங்கும், கையில் பிடிக்கும் பகுதி தடிமனாகவே இருக்கும்.

முதல் சுருட்டல்

காற்றில்லாத காலையில் பாயை ஏற்றுங்கள். நாடாவில் உலர்ந்த சிலிக்கோன் தெளித்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஒருவர் கீழே நின்று நாடாவைக் காடிக்குள் நேராக ஊட்ட வேண்டும். ஆஞ்சானை, முன்விளிம்பில் கிடைக்கோட்டுச் சுருக்கங்கள் மறையும் வரை மட்டும் இறுக்குங்கள். கொக்கிப் பாயில் பழகியவர்கள் இங்கே அளவுக்கு மீறி இறுக்குவார்கள். மரத்தைத் தாங்க வேண்டியது முன்கம்பிதான். ஆஞ்சான் அந்தப் பாரத்தை எடுத்துக்கொண்டால் ஸ்விவல் திணறும். மிகவும் தளர்ந்திருந்தாலும் சுற்றிக்கொள்ளும். சரியான இறுக்கம் கிடைத்ததும் கயிற்றில் நூலால் ஒரு குறி தைத்துவிடுங்கள்.

இப்போது சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டி, ஐந்தாறு முறை. ஒருவர் கண் உச்சியை விட்டு அகலக் கூடாது: கீழ்ப்பாதி சுழல்கிறதா, மேல்பாதி நிற்கிறதா, அது ஒன்றுதான் அவர் பார்க்க வேண்டியது. பாதி சுருட்டிய நிலைகளில் அடிவிளிம்பில் இரண்டு மூன்று குறி போட்டுவைத்தால், அடுத்த முறை இரவிலும் டார்ச் அடித்துப் பார்த்து அதே அளவுக்குக் குறைக்கலாம்.

கடலில்

விரிக்கும்போது சுருட்டுக் கயிற்றைச் சும்மா விட்டுவிடாமல் கைக்குள் லேசாகப் பிடித்தபடி விடுங்கள், டிரம்மில் ஒழுங்காக ஏறும். சுருட்டும்போது தாமானை முழுக்க அவிழ்க்காமல் கொஞ்சம் இழுவையோடு தளர்த்துங்கள், அப்போதுதான் சுருள் இறுகி வரும். காற்று பலமாக இருந்தால் படகைக் காற்றின் போக்கில் திருப்புங்கள். பெரும்பாயின் மறைவில் முன்பாய் அடங்கும், கையாலேயே சுருட்டிவிடலாம். அப்போதும் வரவில்லை என்றால் வின்ச்சைத் தொடும் முன் உச்சியைப் பாருங்கள். ஆஞ்சான் சுற்றியிருந்தால் இழுப்பதை நிறுத்தி, பாயை விரியவிட்டு அந்தச் சுற்றைப் பிரியுங்கள்.

பாயைக் குறைத்ததும் தாமான் போகும் கப்பியை முன்னே நகர்த்த மறக்காதீர்கள். பின்விளிம்பின் மேல்பாதி திறந்துகொண்டு படபடப்பது நகர்த்தவில்லை என்பதற்கு அடையாளம். ஒரு 135 விழுக்காடு ஜெனோவாவின் மூன்றில் ஒரு பங்கு வரை சுருட்டி ஓட்டலாம். அதற்கு மேல் அது பாயாக வேலை செய்யாது, சிறு பாய்க்கு மாறுங்கள்.

பேரிங்கைப் பொறுத்தவரை ஒருவர் சொன்னது இன்னொருவர் படகுக்குப் பொருந்தாது. ஹார்கனின் குண்டுகளுக்கு நன்னீர்தான், கிரீஸ் கூடாது. ஃபர்லெக்ஸுக்கு ஆண்டுக்கொரு முறை கிரீஸ் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாயை இறக்கி, ஸ்விவலைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பாருங்கள், ஃபாயில் இணைப்புத் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள், மேல்முனைக் கம்பியில் எழும்பி நிற்கும் இழை ஏதும் உண்டா என்று விரலால் தடவாமல் துணியால் துடைத்துப் பாருங்கள். அறுந்த இழை துணியில் மாட்டும்.

படகை விட்டுப் பல வாரம் போகிறீர்கள் என்றால், முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாப் பக்கம் நிற்கும் படகு என்றால், முன்பாயைச் சுருட்டிக் கட்டிவைப்பது போதாது. புயலில் ஒரு மடிப்பு வெளியே வந்தால் காற்று மீதியை உருவி எடுத்து, பாயைக் கிழித்து, மரத்தையும் ஆட்டிவிடும். இறக்கி, நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி உள்ளே வையுங்கள். சுருட்டுக் கயிற்றைக் கட்டி டிரம் சுழலாமல் பூட்டிவிட்டு, ஸ்விவலைக் கீழே இறக்கி டிரம்மோடு ஒரு கயிற்றால் பிணைத்து, ஆஞ்சானை லேசாக இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.